பொறியாளர் எந்தப் பக்கம் போனார்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அப்தில்தா அவர்களின் சமூகத்திற்கு, தராஸ் நகரிலிருந்து, உங்கள் மருமகள் அய்னாஷைப் பெற்ற தோசிம்ஹான் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே உங்கள் கால்நடைகள் நலமா, குடும்பத்தார் நலமா? நீங்கள் நான்காவது மாடியில் குடியிருக்கிறீர்கள் என்பதும், உங்களிடம் உள்ள மொத்தக் கால்நடை ஒரு சாம்பல் பூனைதான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் கால்நடையை முதலில் விசாரிக்காமல் கடிதம் எழுத எனக்குக் கை வரவில்லை. பூனையின் காதுப் புண் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தை நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும். குளியலறையில் தாழிட்டுக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டில் தொலைபேசியை எடுப்பவர் சம்பந்தியம்மா குல்யாஷ்தான். உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை உங்களுக்கே உரக்கப் படித்துக் காட்டுபவரும் அவர்தான். போன மாதம் என் மூலநோய் பற்றி உங்களிடம் மட்டும் ரகசியமாகக் கேட்டேன். பதில் அவரிடமிருந்து, மருந்தின் பெயரோடு வந்தது. மருந்து நன்றாகவே கேட்டது, அது வேறு விஷயம். அதனால்தான் இதை உங்கள் ஊருக்கு வரும் ரயிலின் ஏழாம் பெட்டிப் பணியாளர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் கால அட்டவணை போட்டவனுக்கு ரயிலில் போகிற எதன்மேலும் நம்பிக்கை உண்டு.

நான் உங்களிடம் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. போன செவ்வாய்க்கிழமை சம்பந்தியம்மா என் வீட்டிலிருந்து ஒரு பாம்பை வெளியே அனுப்பினார். அது வாசற்படி இறங்கி இடப்பக்கம் போனதா, வலப்பக்கம் போனதா? இதை அவரிடம் பேச்சுவாக்கில், சந்தேகம் வராதபடி கேட்டுத் தெரிவிக்க வேண்டும். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். அந்தப் பாம்பு என்னுடையது.

கடிதத்தைக் கீழே வைத்துவிடாதீர்கள், சம்பந்தி. நிதானமாகச் சொல்கிறேன். போன வருடம் வசந்தத்தில் அய்னாஷை உங்கள் வீட்டுக்கு அனுப்பிய பிறகு இங்கே நானும் சுவர்க் கடிகாரமும்தான். என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. அய்னாஷ் வாரம் இரண்டு தடவை கூப்பிட்டு, "அப்பா, ஒரு நாயாவது வாங்கிக்குங்க, வீட்ல ஒரு உயிர் நடமாடட்டும்" என்பாள். நாய்க்கு நடை வேண்டும், என் முழங்கால் மறுக்கிறது. பூனை என் வீட்டில் தூங்கும், கறி வேகிற வீட்டில் சாப்பிடும். கிளி பேசும், என்னிடம் கற்றுக்கொண்டு என்ன பேசிவிடப் போகிறது? மீனை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பழக்கமில்லை, பொரிக்கத்தான் தெரியும். இப்படியே ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான், ஜூலையில், கலாச்சார மாளிகையில் ஊர்வனக் கண்காட்சி என்று சுவரொட்டி பார்த்தேன். ஓய்வூதியக்காரருக்கு இலவசம் என்று போட்டிருந்ததால் போனேன். அங்கே ரிம்மா என்றொரு அம்மாள், பழைய சர்க்கரை ஆலைக்குப் பின்னால் குடியிருப்பவர், முப்பது பாம்பு வளர்ப்பவர், "கைய நீட்டுங்க" என்றார். நான் கூட்டத்தில் வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் செந்நிறத்தில், செங்கல் நிறத் திட்டுகளோடு ஒன்று என் கையில் ஏறி மணிக்கட்டைச் சுற்றி அப்படியே நின்றுவிட்டது. இறுக்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சம்பந்தி, ஆறு வருடத்தில் என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே ரிம்மா வீட்டுக்குப் போனேன். முதலில் எனக்குப் பெரியதாக ஒன்று வேண்டும் என்றுதான் ஆசை. மலைப்பாம்பு ஒன்றைக் காட்டி, "இது எப்படி?" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தோசிம்ஹான் பெக்கெனோவிச், இது வளந்து உங்க உயரத்த தாண்டிரும். தூக்கி வெச்சு துடைக்க ரெண்டு ஆள் வேணும். உங்க வீட்ல ரெண்டு ஆள் இருக்கா?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப ஒரு ஆளுக்குத் தகுந்த பாம்பா எடுத்துக்குங்க."

அவர் சொன்னது சோளப் பாம்பு. விஷமில்லை, சாது, கையில் வைத்திருக்கலாம், பத்து நாளுக்கு ஒரு சாப்பாடு. காட்டிலிருந்து பிடித்து வந்ததை வாங்கவே கூடாதாம். கூண்டிலேயே முட்டையிலிருந்து பொரிந்து வந்ததைத்தான் வாங்க வேண்டுமாம். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குப் பாடமே நடத்தினார். கண் தெளிவாக இருக்க வேண்டும். வாயோரம் நுரை இருக்கக் கூடாது, மூச்சு விசிலடிக்கக் கூடாது. முதுகெலும்பு குத்திக்கொண்டு தெரியக் கூடாது. செதில்களுக்கிடையே கரும்புள்ளியாக உண்ணி ஊரக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது இரை எடுப்பதை நம் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்காகவே மூன்று வாரம், வாரத்துக்கொரு தடவை, தேநீரும் ஒரு தட்டு வறுத்த மாவுருண்டையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு வயதுக் குட்டி ஒன்றின் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு தடவை அது என்னைப் பார்த்தது. மூன்றாவது தடவை எலியைப் பார்த்தது. சம்பந்தி, அய்னாஷுக்கு மாப்பிள்ளை பார்க்க உங்கள் வீட்டுக்கு நாங்கள் ஒரே தடவைதான் வந்தோம் என்பதை நினைத்து அப்போது கொஞ்சம் உறுத்தியது. உங்கள் மகன் நல்லவனாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அப்புறமும் ரிம்மா பாம்பைக் கையில் கொடுக்கவில்லை. "மொதல்ல வீடு, அப்புறம் ஆளு" என்றுவிட்டார். ஒரு கை நீளத்துக்கு மேல் கண்ணாடிப் பெட்டி, மேலே கம்பிவலை மூடி, மூடிக்கு இரண்டு பக்கமும் கொக்கி. ஒரு முனையில் அடியில் சூடேற்றும் பாய், மறுமுனை குளுமை. சூடு தானாக நின்று தானாகப் பற்ற ஒரு கருவி. இரண்டு முனையிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மரப்பட்டைக் குகை. உடம்பே முங்குகிற மாதிரி தண்ணீர்க் கிண்ணம். இவ்வளவையும் வைத்து ஒரு வாரம் வெறும் பெட்டியாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நான் இரண்டு முனையிலும் வெப்பமானி வைத்து, மூன்று மணிக்கு ஒரு தடவை குறித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் உப்பு வாங்க வந்தவர், நான் வெறும் பெட்டியைப் பார்த்து நோட்டில் எழுதுவதைக் கண்டு உப்பை மறந்துவிட்டுத் திரும்பிப் போனார். பெட்டிக்குள் பரப்ப மரச்சீவல் கொடுத்து, "மூணு விரல் உயரத்துக்குப் போதும்" என்று ரிம்மா சொன்னார். மூன்று விரலாம். நம் வீட்டுக்கு முதல் தடவையாக வந்து தங்குகிறவருக்கு யாராவது ஒற்றை மெத்தை விரிப்பார்களா? நீங்கள் வந்தபோது நான் எத்தனை மெத்தை அடுக்கினேன் என்பது நினைவிருக்கும். ஏறி உட்கார உங்களுக்கு அய்னாஷ் கை கொடுக்க வேண்டியிருந்தது. நான் இரண்டு மூட்டை சீவலையும் கொட்டி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். பெட்டியையும் எங்கே வைப்பது? கதவுக் காற்று படாத, வாசலுக்கு நேர் எதிரே உள்ள மூத்த விருந்தாளியின் இடம்தான் வீட்டிலேயே இதமான இடம். அங்கேயே வைத்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவர் வந்தார். 'அவர்' என்று எழுதுவதற்கு மன்னிக்கவும். என் பழைய தலைமைப் பொறியாளர் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அறையில் ஒருவர் இருக்கிறார் என்று தெரியும். அதே தோரணை. பொறியாளர் என்றே பெயர் வைத்துவிட்டேன். முதல் வாரம் தொடக் கூடாது என்றார் ரிம்மா, தொடவில்லை. எட்டாம் நாள் கையை உள்ளே வைத்தேன். வந்தார். மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டார். செய்தி கேட்டோம். தொலைக்காட்சியில் வானிலை சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு ரத்த அழுத்த மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது.

பிறகு அய்னாஷ் கூப்பிட்டாள். நவம்பரில் குழந்தை பிறக்கப்போவது உங்களுக்கே தெரியும். தொட்டில் கொண்டுவர வேண்டியவர்கள் பெண் வீட்டார். என் மனைவி இருந்திருந்தால் கல்யாணத்தன்றே வாங்கி வைத்திருப்பாள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது என்பதால் சம்பந்தியம்மா தாமே இங்கே வந்து, ஒரு வாரம் தங்கி, என்னோடு சந்தைக்கு வந்து தொட்டில் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அது எவ்வளவு பெரிய மனது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அய்னாஷ் சொன்ன மற்றொரு விஷயம்தான் உறைத்தது.

"அப்பா, அத்தைகிட்ட பாம்பு இருக்குன்னு மூச்சு விடாதீங்க. அவங்களுக்கு பாம்புன்னா வெறும் பயம் இல்ல, பயபக்தி. சொன்னீங்கன்னா என்ன செய்வாங்கன்னு எனக்கே தெரியாது."

ஆகவே மறைத்தேன். சம்பந்தியம்மாவுக்கு ஊருக்குப் போகும்போது போர்த்தி அனுப்ப என்று வாங்கி வைத்திருந்த பூவேலைத் துணியை எடுத்துப் பெட்டிமேல் விரித்தேன். ஓரம் தரைவரை தொங்கியது. திங்கட்கிழமை காலை அவர் வந்து, விருந்தாளியின் இடத்தில் உட்காரப் போனவர், நீளமாக, துணி மூடி, பூவேலையோடு எதுவோ இருப்பதைக் கண்டு நின்றார். முகம் ஒரு கணம் வாடி, உடனே மலர்ந்தது.

"வாங்கிட்டீங்களா சம்பந்தி? நான் வர்றதுக்கு முன்னாடியேவா?"

எதை என்று அவர் கேட்கவில்லை. தொட்டில் என்று நினைத்துவிட்டார். நான் தலையை, இரண்டு பதிலுக்கும் பொருந்துகிற மாதிரி ஆட்டினேன்.

"நான் தொறந்து பாக்க மாட்டேன். கொழந்தை வராம வெறும் தொட்டில பாக்கறதும் ஆட்டறதும் நல்லதில்ல" என்று சொல்லி, துணிமேல் உள்ளங்கையை வைத்து வாழ்த்து முணுமுணுத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. "வெதுவெதுன்னு இருக்கே, சம்பந்தி."

"வெயில் படுற இடம்" என்றேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்து, முதுகுக்கு இதமாக இருக்கிறதென்று மூன்று கோப்பை தேநீர் குடித்தார்.

இனி செவ்வாய்க்கிழமை. சம்பந்தியம்மா கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பொறியாளருக்குத் தண்ணீர் மாற்றினேன். அதற்குள் செருப்புச் சத்தம் கேட்க, மூடியைப் போட்டுத் துணியை இழுத்துவிட்டேன். ஒரு கொக்கியைத்தான் போட்டேன், மற்றதைப் போடவில்லை. இது என் தப்பு, மறுக்கவில்லை. சிக்னல் பார்க்காமல் ஒரு வண்டியைக்கூட விட்டவனில்லை நான், ஒரு கொக்கியில் விழுந்தேன். பிறகு ஆட்டுக்கறி வாங்கச் சந்தைக்குப் போனேன். சூப்புக்கு உருளைக்கிழங்கு எடுக்க நிலவறை மூடி எங்கே என்று சம்பந்தியம்மா கேட்டார், அடுப்படித் தரையில் காட்டிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் வாசற்படியில், கையில் காலி மோர்க் கிண்ணத்தோடு நின்றிருந்தார். தலைக்குத் துவைத்த வெள்ளைத் துணி கட்டியிருந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"சம்பந்தி, உங்க வீட்டுக்கு நல்ல காலம்."

"என்ன விஷயம்?"

"பெரியவர் வந்திருந்தார். அடுப்பு பக்கத்துல, சுருண்டு, தலைய தூக்கிப் பாத்தார். நான் கத்தல. மோர் எடுத்தேன், தலையில ஊத்தினேன், 'நல்ல எண்ணத்தோட வந்திருந்தா நல்லபடியா போயிட்டு வாங்க'ன்னு சொன்னேன், கதவ தொறந்து விட்டேன். அடிச்சு கொல்றவங்களும் இருக்காங்க, நான் முறைப்படி அனுப்பி வெச்சேன். பேரப்புள்ள வர்ற வருஷத்துல இப்படி ஒருத்தர் வந்து போறது சும்மா இல்ல."

கறிப் பையைப் படியிலேயே வைத்தேன். "எப்படி இருந்தது?" என்றேன்.

"ஒன்றரை முழம் இருக்கும். சாம்பல் நெறம்."

பொறியாளரும் ஒன்றரை முழம். நிறம்தான் செங்கல். ஆனால் ஒரு கிண்ணம் மோர் தலையில் விழுந்தால் யார்தான் சாம்பல் நிறமாகத் தெரியமாட்டார்கள்? மேலும் சம்பந்தியம்மா வெளியூர் போனால் கண்ணாடி போடுவதில்லை என்பதை நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"போறவர எந்தப் பக்கம்னு பாக்கக் கூடாது சம்பந்தி. முதுக திருப்பிக்கிட்டு கதவ சாத்திட்டேன்."

இதை நான் நம்பவில்லை. என் தெருவில் யார் வீட்டுத் திரை துவைக்கவில்லை என்பதைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொன்னவர் அவர். ஆனால் அந்த வெளிச்சமான முகத்தைப் பார்த்து எப்படி மேலே கேட்பது? என் வீட்டுக்கு வந்த சம்பந்தியம்மா, தம் பேரக்குழந்தையின் நன்மைக்காக, பயத்தை அடக்கிக்கொண்டு செய்த ஒரு நல்ல காரியம். அதைப் போய், "நீங்கள் துரத்தியது என் செல்லப் பிராணி" என்று சொல்வதா? உள்ளே போய்த் துணியின் ஓரத்தைத் தூக்கினேன். மூடி ஒரு பக்கம் ஒரு விரல் இடைவெளி திறந்திருந்தது. இரண்டு குகையையும் தூக்கிப் பார்த்தேன். யாரும் இல்லை. துணியை மறுபடி போட்டு மூடிவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வரவில்லை. சூட்டுப் பாயை மட்டும் அணைக்கவில்லை. வண்டி வராது என்று தெரிந்தாலும் உத்தரவு வராமல் விளக்கை அணைக்காத பழக்கம்.

அக்டோபர் குளிர் உங்களுக்குத் தெரியும். ரிம்மாவைக் கூப்பிட்டேன். "வெளியில அது ஒரு வாரம் தாங்கினா பெரிசு. சீக்கிரம் தேடுங்க" என்றார். தேடினேன். சாவி தொலைந்தது என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்தில் மண்டியிட்டு ஊர்ந்தேன். ஆப்பிள் மரத்தடியிலும் வேலியோரத்திலும் வெந்நீர்ப் பைகளைச் சாக்கில் சுற்றி வைத்தேன். சாவியைத் தேட வெந்நீர்ப் பை எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அவருடைய மரியாதை அப்படி. புதன்கிழமை காலை, வாசனைக்கு வரட்டும் என்று, பொறியாளரின் சாப்பாட்டுக்கென்று உறைபெட்டியில் வைத்திருந்த எலிகளில் ஒன்றை இளஞ்சூட்டில் வைத்து எடுத்து, ஒரு தட்டில் வாசற்படியில் வைத்தேன். அவசரத்தில் எடுத்தது சம்பந்தியம்மா தேநீர் குடிக்கும் கோப்பையின் தட்டு என்பதைக் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார். அன்று மதியம் குதிரைக்கறி எடுக்க உறைபெட்டியைத் திறந்தவர், கறிக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் கட்டி, தேதி எழுதி வைத்திருந்த பதினொரு எலியையும் கவனித்திருக்கிறார். அதிலிருந்து ரொட்டி மட்டும் சாப்பிட்டார், அதையும் தம் பையிலிருந்து எடுத்து.

நான் அவரைத் தேற்றியிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சம்பந்தி, எனக்கு உள்ளுக்குள் கோபம். அவர் பேச்சுக் கொடுத்தால் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னேன். "நாளைக்கு தொட்டிலுக்கு மெத்தை வாங்கப் போலாமா?" என்று கேட்டார். "பாக்கலாம்" என்றேன். அந்தப் "பாக்கலாம்" எப்படி வெளியே வந்தது என்பது எனக்கே கேட்டது. வியாழக்கிழமை காலை, முழங்கால் வலிக்கிறது, ஊருக்குப் போகிறேன் என்றார். ஒரு வாரம் தங்க வந்தவர் நான்காம் நாளே புறப்பட்டார். ரயில் நிலையத்தில் நான் அவர் தோளில் துணியைப் போர்த்தி அனுப்பவில்லை. மறந்தேன் என்று சொன்னால் பொய். துணி பெட்டிமேல் கிடந்தது, அதைத் தூக்க எனக்குத் தைரியம் இல்லை. வண்டி நகர்ந்தபோது அவர் ஜன்னல் வழியே, "வீட்ட பாத்துக்குங்க சம்பந்தி, நல்ல வீடு அது" என்றார். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். இடமா வலமா என்று தெரிந்தால் தோட்டத்தில் பாதியை விட்டுவிட்டு மீதியைச் சல்லடை போட்டுத் தேடுவேன். இன்று சனிக்கிழமை, ரிம்மா சொன்ன வாரத்தில் மூன்று நாள்தான் பாக்கி. ஆனால் நேராகக் கேட்டால் ஏன் என்று கேட்பார். எலியை நான் தின்பதில்லை என்பதையும் நீங்கள் அவருக்கு எப்படியாவது புரிய வைக்க வேண்டும். அதைச் சொன்னால் எலி எதற்கு என்று கேட்பார். எதற்கு என்று சொன்னால் பாம்பு வந்துவிடும். பாம்பு வந்தால் தாம் செய்தது என்ன என்று அவருக்கு விளங்கிவிடும், மனம் உடைந்துபோவார். எலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டாலோ, எலி தின்னும் தாத்தாவின் மடியில் பேரக்குழந்தையைக் கொடுக்க மாட்டார். தொட்டில் வேறு நான் வாங்கவே இல்லை. எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு தண்டவாளமும் நேராகப் போய்ச் சேரவில்லை. நீங்கள் அவரோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர். உங்களுக்கு ஒரு வழி தெரிந்திருக்கும்.

என்மேல் வருத்தம் வேண்டாம். ஒரு கிழவன் ஒரு பாம்புக்காக இவ்வளவு உருகுகிறானே என்று சிரித்தாலும் சரி. எனக்கு அது இல்லாமல் மாலையில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதுதான் விஷயம்.

பெரியவர்களுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி. அய்னாஷ் கனமானதைத் தூக்க வேண்டாம், அவள் தூக்குவாள், பார்த்துக்கொள்ளுங்கள். பூனைக்கும் என் விசாரிப்பு. உங்கள் கூரை உயர்ந்திருக்கட்டும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும், உங்கள் மேசைவிரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும்.

என்றும் உங்கள் சம்பந்தி,
தோசிம்ஹான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை மூடி ஒட்டியும் விட்டேன். சம்பந்தியம்மாவுக்குப் போர்த்தாமல் விட்ட துணியையும் இதே பணியாளர் கையில் அனுப்பிவிடுவோம் என்று, மனதைத் திடப்படுத்திக்கொண்டு, பெட்டிமேலிருந்து அதை உருவினேன். உள்ளே தண்ணீர்க் கிண்ணத்தின் ஓரத்தில், சீவலுக்குள்ளிருந்து கழுத்துவரை வெளியே நீட்டிக்கொண்டு பொறியாளர் என்னைப் பார்த்தார். தோல் உரித்திருக்கிறார். புதுச் செங்கல் மாதிரி மின்னுகிறார். பழைய தோல் கால்சட்டையை உருவிப் போட்ட மாதிரி பக்கத்தில் கிடக்கிறது. ரிம்மாவைக் கூப்பிட்டேன். தோல் உரிக்கும் முன் கண்ணில் பால் படர்ந்து, நாலைந்து நாள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும், இதை முதல் நாளே சொன்னேனே என்றார். "மூணு விரல்தான போட சொன்னேன்? மூணு விரல்ல எங்க போய் ஒளியும்?" என்று கேட்டார். நான் போட்ட மெத்தை எவ்வளவு என்று சொல்லவில்லை.

அவர் எங்கும் போகவில்லை, சம்பந்தி. ஒரு நாளும் போகவில்லை. சாம்பல் நிறம் என்றால் சாம்பல் நிறம்தான். சம்பந்தியம்மாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. உருளைக்கிழங்கு எடுக்க அவர் திறந்த நிலவறையிலிருந்து, பனிக்காலத்துக்கு ஒதுங்க வந்த ஒரு நிஜமான காட்டுப் பாம்பு மேலே ஏறியிருக்கிறது. என் வீட்டுக்கு வந்ததை மோர் ஊற்றி, நல்ல வார்த்தை சொல்லி, முறைப்படி அனுப்பி வைத்தவர் அவர். அதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் ரொட்டி தின்ன வைத்தவன் நான். வெட்கமாக இருக்கிறது.

ஆகவே அவரிடம் எதையும் சாமர்த்தியமாகக் கேட்க வேண்டாம். குளியலறையும் வேண்டாம். கடிதத்தை அவர் கையிலேயே கொடுங்கள், எப்போதும்போல உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். தொட்டில் இன்னும் வாங்கவில்லை என்கிற இடத்தில் மட்டும் நீங்கள் கொஞ்சம் இருமினால் நல்லது. பாம்பின் வீட்டுக்கு மூன்று மணிக்கொரு தடவை சூடு பார்த்தவனுக்குப் பேரக்குழந்தையின் தொட்டிலை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை, அவர் வந்தால்தான் ஆகும் என்று நானே சொன்னதாகச் சொல்லுங்கள். துணியை அனுப்பவில்லை. அவர் வரும்போது என் கையாலேயே போர்த்துகிறேன்.

முடிந்தால் செவ்வாய்க்குள் வரச் சொல்லுங்கள். சற்றுமுன் உருளைக்கிழங்கு எடுக்க நிலவறை மூடியைத் தூக்கினேன். உள்ளே இன்னொருவர் இருக்கிறார், சாம்பல் நிறம்தான். மூடியைப் போட்டு அதன்மேல் நாற்காலியை வைத்து, நாற்காலிமேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மோர் வாங்கி வைத்துவிட்டேன். ஊற்றத்தான் ஆள் வேண்டும்.